வரி ஏறிய வருஷம் பெருமாள் கொண்டுவந்த துப்பாக்கி

கடைப் பிள்ளைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய மனு வந்து சேர்ந்தது. என் மகள் வாசிக்க, நான் கேட்டேன். மலாயில் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போட்டு அழகாக எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரியை இன்னும் ஏற்றப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, ஏற்றினால் நம் வியாபாரம் படுத்துவிடும், கெட்டவன் எவனும் வரி கட்டித் துப்பாக்கி வாங்குவதில்லை, ஆகவே ஏற்றக் கூடாது. இதுதானே சாரம்? கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறீர்கள். "மணியண்ணே போட்டாத்தான் வெயிட்டு" என்று குரல் செய்தி வேறு.

வெயிட்டு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஜொகூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற எவரிடமும் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து நின்று நாற்காலி போடுவார்கள். ஆனாலும் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று நேரில் சொன்னால் நடுவில் பேச்சு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கடைக்குப் புதிதாக வந்திருக்கிற மூன்று பிள்ளைகளும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. காஹாங்குக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படிப்பு. அதற்கு மேல் அனுப்ப அப்பாவுக்குத் தெம்பு இல்லை. குளுவாங்கில் ஒரு சீன முதலாளியின் துப்பாக்கிக் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். அதே கடை பிறகு என் பெயருக்கு வந்தது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு செங்கல்லாக நான் வாங்கினேன். டத்தோ பட்டம் வாங்கினவர்கள், தோட்ட மேனேஜர்கள், வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்கள் எல்லாரும் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறார்கள். தூரத்தில் கேட்கிற வெடிச் சத்தத்தை வைத்தே இது யாருடைய துப்பாக்கி என்று சொல்லியிருக்கிறேன். பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் நம்பர் மட்டும் மண்டையில் நிற்கும். என் கையில் ஒரு தடவை வந்து போன துப்பாக்கியின் நம்பரைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். "மணி ஒரு நடமாடும் ரிஜிஸ்டர் லா" என்று போலீஸ் பலாயில் இருப்பவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

நெருக்கடியில் கை நடுங்காதவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. ஒரு சமயம் ஒரு குத்தகைக்காரர் ரிப்பேருக்கு வந்து, தன் துப்பாக்கியைக் குழல் நம் கடையில் கணக்கு எழுதின பெண்ணின் பக்கம் பார்க்கிற மாதிரி மேசையில் கிடத்தினார். "காலி லா மணி, சத்தியமா காலி" என்றார். மேசையில் அது விழுந்த சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. இடது கையால் குழலைக் கூரைப் பக்கம் தூக்கி, வலது கையால் மடக்கித் திறந்தேன். உள்ளே தோட்டா மினுமினுத்தது. "அலாமாக், மறந்துட்டேன்" என்றார் அவர். அந்தப் பெண் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொண்டுவந்து கொடுக்கிறாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கை சாமர்த்தியத்தால் காப்பாற்றக்கூடிய விஷயத்தில் நான் தோற்றதே இல்லை. நான் தோற்ற இடம் வேறு.

கடையில் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு மலாய்க்காரப் பெரியவர், பழைய வேலையில் சீருடை போட்டவர் மாதிரி நிமிர்ந்த நடை, ஒரு பழைய சாரோங்கில் சுற்றித் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இனி வேண்டாம், கடையே எடுத்துக்கொண்டு பலாய்க்குச் சொல்லிவிடட்டும் என்றார். கண் சரியாகத் தெரியவில்லையாம். அப்போது எனக்கு வாய்த் துடுக்கு அதிகம்.

"என்ன பாக்சிக், செவுத்துல தொங்குற விலைய வாசப்படியிலேருந்தே படிச்சிட்டு வந்தீங்க?" என்று மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. சாரோங்கின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. முதலாளி மேசைக்கு அடியில் என் கணுக்காலில் ஓங்கி ஓர் உதை விட்டார்.

"மணி, போயி கோப்பி வாங்கிட்டு வா."

நான் கோப்பியோடு திரும்பியபோது துப்பாக்கி உள்ளறைக்குப் போயிருந்தது. பெரியவர் கோப்பியைக் குடித்தார், முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார். தோட்டத்து ஆட்களோடு பழகி வந்த தமிழ் அவருக்கு.

"மணி, துப்பாக்கி கீழ வைக்க வர்ற ஆளுகிட்ட ஏன்னு கேக்காத. கண்ணுன்னு சொன்னா கண்ணு. காலுன்னு சொன்னா காலு. நீ டாக்டரா? ரெண்டு கையில வாங்கு, கோப்பி குடு, அனுப்பு."

"நிஜமாவே கண்ணுதானா தௌக்கே?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எதுக்குத் தெரியணும்?"

அவ்வளவுதான். அவர் அதை விளக்கிச் சொன்னதே இல்லை. நானும் சும்மா சீனன் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். உதை பட்ட இடம் ஒரு வாரம் வலித்தது. பிறகு அதையும் மறந்தேன்.

முதலாளி காலமாகி, கடை என் கைக்கு வந்து, நான் கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் வரி ஏறியது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் கட்டுகிற கட்டணமும் ஏறியது, தோட்டா விலையும் வரியோடு சேர்ந்து ஏறியது. நாலு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவனுக்கு அது தொண்டையில் சிக்கும், பெரிய கார்க்காரனுக்கு அது ஒரு வேளை சாப்பாடு. வீடுகளில் துப்பாக்கி குறையட்டும் என்றுதான் ஏற்றினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்போதும் உங்களைப் போலவே ஒரு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. நல்ல பெரிய எழுத்தில் போட்டேன்.

பெருமாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நான் பிறந்த அதே தோட்டத்தில் எனக்கு எட்டு வருஷம் பின்னால் பிறந்தவர். தோட்டம் துண்டு போட்டு விற்ற சமயத்தில் நகை நட்டை எல்லாம் விற்றுக் காஹாங்கில் நாலு ஏக்கர் வாங்கிச் செம்பனை வைத்தார். காட்டுப்பன்றி இறங்கிக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும். அதை விரட்டத்தான் அவருக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கி. அவர் லைசென்ஸ் மாசியில் முடியும். அதற்கு முன்னாலேயே, தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை பெருமாள் கடைக்கு வருவார். நான் துப்பாக்கியைத் துடைத்துப் பார்த்து, லைசென்ஸ் படிவம் நிரப்பி, அவரோடு பலாய்க்குப் போவேன். பிறகு இருவரும் பரோட்டா சாப்பிடுவோம். இப்படிப் பல வருஷம். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

அந்த வருஷமும் சனிக்கிழமை காலை வந்தார். கடை நிறைய ஆள். எல்லாருக்கும் வரியைப் பற்றித்தான் பேச்சு, எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அரசாங்கத்தை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். பெருமாள் மொட்டைத் தலையோடு உள்ளே வந்தார். அதற்கு முன் அவர் மொட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"வா பெருமாளு! என்ன மண்டை பளபளங்குது? முருகன்கிட்ட லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டியா?"

கடையே சிரித்தது.

"சும்மா ஒரு வேண்டுதல்ணே" என்றார்.

கையில் இருந்த மூட்டையை மேசையில் வைத்தார். அவர் மனைவி அஞ்சலையின் பழைய சேலை. அதை அவிழ்த்துத் துப்பாக்கியை வைத்தார். பிறகு அதைக் கட்டி வைக்கிற சங்கிலி. பூட்டு. துடைக்கிற கம்பி, எண்ணெய்ப் புட்டி. பாதி தீர்ந்த தோட்டாப் பெட்டி. கடைசியாகச் சட்டைப் பையில் கைவிட்டு, உதிரியாகக் கிடந்த இரண்டு தோட்டாக்களையும் எடுத்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

"இந்த வருஷம் புதுப்பிக்கலண்ணே. நீங்களே எடுத்துக்குங்க."

"ஏன்?"

"கட்டணம் ஏறிப்போச்சில்ல. நமக்குக் கட்டுப்படியாவாதுண்ணே."

பக்கத்தில் நின்ற ஒரு லோரி முதலாளி உடனே குரலை உயர்த்தினார். "பாத்தீங்களா மணியண்ணே? நாம சொன்னதுதான் நடக்குது. ஏழைங்க வயித்துலதான் மொத அடி விழுது!"

எல்லார் கண்ணும் என் மேல். அந்த நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் அன்றைக்குப் பெருமாளிடம் பேசவில்லை. பெருமாளை வைத்துக்கொண்டு கடையிடம் பேசினேன். சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசையில் அறைந்தேன்.

"இங்க பாரு பெருமாளு. என் தோட்டத்துல பொறந்தவன் காசு இல்லாம துப்பாக்கிய வச்சிட்டுப் போனான்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது. இந்த வருஷம் உன் கட்டணம் நான் கட்டுறேன். அடுத்த வருஷமும் நான் கட்டுறேன். போதுமா?"

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

"வேணாண்ணே."

"என்ன வேணாம்?"

"பன்னியும் இப்பல்லாம் அவ்வளவா வர்றதில்ல."

"பன்னி உன்கிட்ட சொல்லிக்கிட்டா ஊருக்குப் போச்சு? நாளைக்கே குடும்பத்தோட வந்து நிக்கும் பாரு."

மறுபடியும் சிரிப்பு. பெருமாள் குரலை இறக்கினார்.

"அஞ்சலைக்கும் பயமா இருக்குதாம்ணே."

"இத்தன வருஷம் இல்லாத பயம் இப்ப என்ன புதுசா? தங்கச்சிகிட்ட சொல்லு, பெரியண்ணன் மணி இருக்கிறப்ப என்ன பயம்னு கேட்டாருன்னு!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சரிண்ணே" என்றார்.

சங்கிலியையும் பூட்டையும் தோட்டாக்களையும் நானே என் கையால் பைக்குள் போட்டேன். "ஒரு சாமானையும் விடாம கொண்டாந்திருக்கான் பாருங்க, எவ்வளவு சுத்தமான ஆளு!" என்று பாராட்டு வேறு. காசில்லாதவன் துப்பாக்கியை மட்டும்தான் கொண்டுவருவான். பூட்டையும் சங்கிலியையும் ஏன் கொண்டுவரப் போகிறான்? சட்டைப் பையில் கிடந்த இரண்டு தோட்டாவையும் ஏன் தேடி எடுக்கப் போகிறான்? அந்தச் சாமானில் ஒன்றுகூடத் தன் வீட்டில் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஒரு மனிதன் மேசை மேல் பரப்பி வைத்திருக்கிறான். துப்பாக்கி மேசையில் விழும் சத்தத்தில் தோட்டா இருப்பதைக் கண்டுபிடிக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

அன்றைக்கே பலாய்க்குப் போய்ப் புதுப்பித்தோம். பரோட்டாவுக்குக் கூப்பிட்டேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். சாயந்திரம் வரை கடையில் என் தாராள மனதைப் பற்றித்தான் பேச்சு. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால், காலை பத்து மணி இருக்கும். பலாயிலிருந்து தெரிந்த போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் போன் செய்தார். "மணி, ஒரு நம்பர் சொல்றேன், யாருதுன்னு பாத்துச் சொல்லு" என்று மலாயில் ஆரம்பித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பாதி சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி மூன்று எண்களை நானே சொன்னேன்.

அந்தப் பக்கம் சார்ஜன்ட் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு, "அவர் மகன், மணி" என்றார்.

பெருமாளுக்கு ஒரே பிள்ளை, சரவணன். இருபத்தாறு வயது. மாசாயில் நண்பர்களோடு ஒரு பிளாட்டில் தங்கி, விடியற்காலையில் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். நல்ல சம்பளம் என்று பெருமாள் ஒரு தடவை சொன்னது நினைவில் இருந்தது. அவன் வீட்டுக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது என்பதும், அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பதும், சோற்றுத் தட்டு போனபடியே திரும்பி வருகிறது என்பதும், "நான் இருந்து என்னம்மா பண்றது" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியாது. பெருமாளின் மொட்டை யாருக்காக என்பதும் தெரியாது.

தெரியாது என்று எழுதுகிறேன். கேட்டேனா என்றால், கேட்கவும் இல்லை, சொல்ல விடவும் இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெருமாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. அஞ்சலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, வரின்னு சொல்லச் சொன்னது நான்தான்" என்றது.

எனக்கு விளங்கவில்லை.

"பையனப் பத்திச் சொல்லாதீங்க, கடையில நாலு பேரு இருப்பாங்க, ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான், வேலதான் எவன் குடுப்பான்னு நான்தான் சொன்னேன். இத்தன வருஷமா வச்சிருந்த சாமான திடீர்னு ஏன் வேணாங்கிறீங்கன்னு கேப்பாங்களேன்னு ரெண்டு பேரும் எத்தனையோ நாள் யோசிச்சோம்ணே. அப்பதான் வரி ஏறிச்சு. ஏதோ சாமியே வழி காட்டின மாதிரி இருந்திச்சு. வரி ஏறிப்போச்சு, கட்ட முடியலன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு..."

பெருமாள்தான் முடித்தார்.

"விடு அஞ்சல. அண்ணன் நல்ல மனசோடதான் செஞ்சாரு."

என்னை ஓர் அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

துப்பாக்கி திரும்பி வந்த நாளிலிருந்து பூட்டின் சாவியை அவர்கள் தினமும் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார்களாம். அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால், பெருமாளின் ரப்பர் சப்பாத்துக்குள். இரண்டு பேரும் மாறி மாறித் தூங்கினார்களாம். மறுபடியும் கடைக்கு வந்து கொடுத்துவிடலாமே என்று அஞ்சலை சொன்னதாம். "அண்ணன் நாலு பேருக்கு முன்னால காசு கட்டிட்டாரு, இப்பப் போயி வேணாம்னா அவரு மொகத்துல கரியப் பூசின மாதிரி ஆயிரும்" என்றாராம் பெருமாள். என் முகத்தில் கரி விழக் கூடாது என்று பார்த்திருக்கிறார்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த இன்ஸ்பெக்டர் உங்கள் வயதுக்காரர்.

"அவர் ஒப்படைக்கத்தான் வந்தாரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நீங்க ஏன் வாங்கிக்கல?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தார். கடைசியில் எதையோ எழுதிக்கொண்டு போகச் சொன்னார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன்.

கெட்டவன் வரி கட்ட மாட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. கொள்ளையடிக்கிறவன் நம் கடைக்கு வந்து லைசென்ஸ் புத்தகத்தை நீட்டப் போவதில்லை. ஏழைக்குத்தான் இடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை. வரி ஏறிய அந்த வருஷம், மெர்சிங் ரோட்டில் ஒருவர் நிஜமாகவே கட்ட முடியாமல் துப்பாக்கியைக் கொடுத்தார். அடுத்த மாதமே பன்றிகள் இறங்கி அவர் கன்றுகளைப் பாழாக்கிவிட்டன. அவருக்கு அது அநியாயம்தான். அந்த மாதிரி ஆட்களுக்குச் சலுகை கொடுங்கள், பத்து தோட்டத்துக்கு ஓர் ஆளை வைத்துப் பன்றியைச் சுடச் சொல்லுங்கள் என்று ஒரு மனு எழுதினால் நான் வெயிலில் நின்று நாலு பேரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

ஆனால் வரியால் ஒன்றும் நடக்காது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கீழே என் பெயர் வராது. அந்த வருஷம் நிறைய பேர் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், கட்டுப்படியாகவில்லை. அப்போது எல்லாரையும் ஏழை என்று நினைத்தேன். பெருமாளுக்குப் பிறகு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். அதில் ஒருவர் வாசலில் புத்தம் புது ஹைலக்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர். ஒருவர் தங்காக்கில் இரண்டு துணிக்கடை வைத்திருப்பவர். அவர்களுக்கு என்ன கட்டுப்படியாகவில்லை என்று எனக்குத் தெரியாது. குடியாக இருக்கலாம், அண்ணன் தம்பி சண்டையாக இருக்கலாம், தன் மேலேயே ஒரு பயமாக இருக்கலாம். வீட்டில் நடப்பதை வெளியில் சொல்லாத ஜனங்கள் நாம். எல்லா இனமும் அப்படித்தான். வாயால் சொல்ல முடியாததை ஒரு வரியைக் காட்டிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது அவர்களுக்கு. அரசாங்கம் அதை நினைத்துத்தான் ஏற்றியதா என்றால், நினைத்திருக்காது. ஆனால் அந்தக் கதவு திறந்திருந்தது. பெருமாளுக்கு மட்டும் அதை என் கையால், என் காசால் மூடினேன்.

நாற்பது வருஷத் தொழிலில் நான் கற்ற வித்தை உங்கள் எல்லாருக்கும் தெரியும், சொல்லியும் கொடுத்திருக்கிறேன். முதலாளியிடம் உதை வாங்கிக் கற்றதை மட்டும் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் முதலில் நானே மறந்திருந்தேன், பிறகு சொல்ல வெட்கப்பட்டேன். ஒருவர் வந்து துப்பாக்கி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். தள்ளுபடி சொல்லாதீர்கள். தவணை சொல்லாதீர்கள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அங்கிள்" என்று தைரியம் சொல்லாதீர்கள். கடையில் ஆள் இருந்தால் உள்ளறைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு கையாலும் வாங்குங்கள். பூட்டும் சங்கிலியும் கூடவே வந்தால் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், பேசினால் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று.

சரவணன் போன அடுத்த வருஷம், தைப்பூசம் கழிந்த சனிக்கிழமை காலையில் கடை வாசலில் பெருமாள் நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

"என்ன பெருமாளு, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாண்ணே. இது நான் வர்ற வாரம். கால் தானா வந்திருச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பால் கலக்காத தே ஓ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நீளமான நேரம் அதுதான். அரை மணி கழித்து, "வரேண்ணே" என்று எழுந்து போனார். அதிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் தவறியதில்லை. நான் ஓய்வு எடுத்துக்கொண்ட பிறகும் அந்த ஒரு நாள் மட்டும் நான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். சும்மா பழக்கத்துக்கு வருகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இந்த வருஷம் முட்டி அறுவை சிகிச்சை, என்னால் வர முடியாது. அவர் வருவார். சின்ன உருவம், நரைத்த தலை, ரப்பர் சப்பாத்து, தோளில் துண்டு. வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். லைசென்ஸா, தோட்டாவா, என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற மர நாற்காலியைப் போடுங்கள். தே ஓ, சீனி குறைவாக. மேசையில் துப்பாக்கி எதுவும் கிடந்தால், அவர் உட்காருவதற்கு முன்னால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மனுவில் முதல் இடத்தை அப்படியே காலியாக விட்டு அனுப்புங்கள்.

மணி